பூந்தமல்லி வரைக்கும் ஒற்றைக்காலில்

என் பெண்ணுக்கு மூட்டுகள் தேவைக்கு மேல் வளையும். கட்டைவிரலை மடக்கி மணிக்கட்டோடு படுக்க வைப்பாள். நிற்கும்போது முட்டி பின்பக்கமாகப் போகும். சோறு தின்றுகொண்டிருக்கும்போதே தோள்பட்டை நழுவிக் கத்துவாள். இதற்கு ஹைப்பர்மொபிலிட்டி என்று பெயர். பையனுக்கு ஆட்டிசம். அக்காவின் மூட்டுச் சொத்திலும் அவனுக்குக் கொஞ்சம் பங்கு உண்டு. அவளுக்கு ஒன்பது வயது, அவனுக்கு ஏழு. என் வயதை யாரும் கேட்பதில்லை, பார்த்தாலே தெரிகிறதாம்.

எனக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ராத்திரி ஷிஃப்ட், என் மனைவிக்குப் பகல் வேலை. ஆகவே தெரபி என் இலாகா. கோவில்பதாகையிலிருந்து ஆவடி போய், அங்கே பஸ் பிடித்துப் பூந்தமல்லி. சென்டரில் காத்திருப்பவர்கள் எல்லாரும் அம்மாக்கள். ஆரம்பத்தில் என்னை யார் வீட்டு டிரைவரோ என்று நினைத்தார்கள். பிறகு பரிதாபப்பட்டு, ரசப்பொடிக்கு எவ்வளவு மிளகு என்று சொல்லுமளவுக்குச் சேர்த்துக்கொண்டார்கள்.

என் அக்கா ஒருநாள் வீட்டுக்கு வந்து பெண்ணின் விரலைப் பிடித்துப் பின்னால் வளைத்துப் பார்த்தாள். "இன்னாடா, ரப்பர் மாறி கீது! சர்க்கஸ்ல உட்டா நல்லா வருமே!"

"அதுக்கு வலிக்குதுக்கா."

"வளையற ஒடம்புக்கு இன்னாடா வலி? வளையாத எனக்குத்தான் முட்டி வலி." வாயில் வடை இருந்தும் தெளிவாகச் சொன்னாள். நான் விட்டுவிட்டேன். அக்காவிடம் பேசி ஜெயித்தவன் எங்கள் குடும்பத்தில் கிடையாது, மாமா உட்பட.

அந்த வருஷம் பள்ளிக்கூட ஆண்டு விழாவில் யோகா நிகழ்ச்சி வைத்தார்கள். யோகா மாஸ்டர் என் பெண்ணை ஒருமுறை வளைய வைத்துப் பார்த்துவிட்டு முதல் வரிசையில் நிறுத்திவிட்டார். அவள் பையைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்து சொன்னாள். ஓட்டப்பந்தயத்தில் விழுகிறவள், கை வலித்துப் பரீட்சையைப் பாதியில் நிறுத்துகிறவள். அவளை அந்தப் பள்ளிக்கூடத்தில் எதற்கும் கூப்பிட்டதே இல்லை. நானும் மடையன் மாதிரி அவளோடு சேர்ந்து குதித்தேன்.

தெரபி மேடம் குதிக்கவில்லை. "வளையற ஆசனம் ஒண்ணுகூட வேணாம் சார். அது திறமை இல்ல. மூட்டுக்குப் பிடிமானம் இல்ல, அதான் வளையுது."

திரும்பி வரும்போது பஸ்ஸில் பெண் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்டாள். "அப்ப நான் எதுலயுமே இல்லியாப்பா?" யாரைத் திட்டுவது என்று தெரியாததால் கண்டக்டரிடம் சில்லறைக்குச் சண்டை போட்டேன்.

அடுத்த முறை போனபோது மேடமே ஒரு வழி சொன்னார். மரம் மாதிரி ஒற்றைக்காலில் நிற்கும் ஆசனம் செய்யலாம். மற்ற பிள்ளைகளுக்கு அது மூக்கைச் சொறிந்துகொண்டே செய்கிற வேலை. இவளுக்கோ முட்டியைப் பின்னால் போகவிடாமல் நிற்பதுதான் உலகத்திலேயே கஷ்டமான காரியம். காலைத் தூக்கினாள், விழுந்தாள். மறுபடி தூக்கினாள், மறுபடி விழுந்தாள்.

பையன் அப்போது மேஜைக்கடியில் உட்கார்ந்து பஸ் ஓட்டிக்கொண்டிருந்தான். அவன் யாரோடும் பேசமாட்டான். ஆனால் நாங்கள் வரும் பஸ்ஸின் நிறுத்தங்களைக் கண்டக்டர் குரலிலேயே சொல்வான். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஆட்கள் இறங்கும்வரை பொறுத்து, பிறகுதான் "போலாம் ரைட்" என்பான்.

"தம்பி பூந்தமல்லி போய்ச் சேர்ற வரைக்கும் நில்லு பாக்கலாம்" என்றார் மேடம்.

அவள் ஆவடி தாண்டியதுமே பருத்திப்பட்டில் காலை ஊன்றிவிட்டாள். பையன் கத்திய கத்தலில் பக்கத்து அறைக் குழந்தைகளும் அழ ஆரம்பித்தார்கள். அக்கா காலை ஊன்றினால் பஸ் நின்றுவிட்டது என்று அவன் கணக்கு; நடுவழியில் பஸ் நின்றால் அவனுக்குத் தாங்காது. நிஜ பஸ் ஒருமுறை பஞ்சராகி நாங்கள் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் எங்கள் வீட்டு ஹாலில் பஸ் கிளம்பியது. தம்பியின் கத்தலுக்குப் பயந்தே அவள் காடுவெட்டி தாண்டினாள், சென்னீர்குப்பம் தாண்டினாள். பூந்தமல்லிக்கு முந்தின கரையான்சாவடியில் மட்டும் தவறாமல் விழுந்தாள். விழா நாள்வரை ஒருமுறைகூடப் பூந்தமல்லி போய்ச் சேரவில்லை.

இனி வளையமாட்டாள் என்று தெரிந்ததும் யோகா மாஸ்டர் அவளைக் கடைசி வரிசைக்கு மாற்றியிருந்தார். அதில் எனக்கு அவர் மேல் இன்னும் கோபம்தான். சத்தம் தாங்காத பையனுக்குக் காதில் ஹெட்ஃபோனை மாட்டி ஓரமாக உட்கார வைத்தோம். எல்லாம் யோசித்த நாங்கள், இது உன் பஸ் இல்லை என்று அவனிடம் சொல்ல மறந்துவிட்டோம்.

மேடையில் என் பெண் காலைத் தூக்கினாள். தம்பி ஹெட்ஃபோனைக் கழற்றினான். "ஆவடி! போலாம் ரைட்!"

எல்லாத் தலையும் திரும்பியது. என் மனைவி அவன் வாயைப் பொத்தப் போய், பொத்தினால் என்ன ஆகும் என்று நினைத்து, கையை மடியிலேயே வைத்துக்கொண்டாள். பாட்டு முடிந்தபோது பஸ் காடுவெட்டியில் நின்றுகொண்டிருந்தது. மற்ற பிள்ளைகள் கும்பிட்டுவிட்டு உள்ளே போனார்கள். என் பெண் மட்டும் ஒற்றைக்காலில் நின்றாள். மாஸ்டர் ஓரத்திலிருந்து கையை ஆட்டினார். அவள் தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்தில் இருந்த அம்மாள் கேட்டாள். "இன்னாண்ணா, அந்தப் பொண்ணு போவாம நின்னுகினு கீது?"

"பஸ் இன்னும் சென்னீர்குப்பமே வரலம்மா" என்றேன். அந்த அம்மாள் தன் கைப்பையை மடிக்கு எடுத்துக்கொண்டாள்.

சென்னீர்குப்பம் வந்தது, போனது. அடுத்தது கரையான்சாவடி. அவள் முட்டி ஆடியது. பின்னால் போகப் பார்த்ததை, மேடம் சொல்லிக்கொடுத்தபடி லேசாக மடக்கி நிறுத்தினாள். கரையான்சாவடியில் நிஜத்திலேயே கூட்டம் அதிகம். பையன் கடைசி ஆள் இறங்கும்வரை காத்திருந்தான். ரைட் சொல்லித் தொலையேன்டா என்று எனக்கு உயிர் போயிற்று. அவன் அசையவில்லை. அவளும் விழவில்லை.

"போலாம் ரைட்" என்றான் ஒருவழியாக. பிறகு, "பூந்தமல்லி. எல்லாம் எறங்கு."

அவள் காலை ஊன்றினாள். அவன் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டான். என்ன நடந்தது என்று தெரியாததால் ஒருவரும் கைதட்டவில்லை. நான் எழுந்து கை தட்டினேன். என் மனைவி அழுதுகொண்டே தட்டினாள். அந்தக் கைப்பை அம்மாளும் எதற்கென்று தெரியாமலே தட்டினாள்.

பெண் கும்பிடக்கூட மறந்து மேடையிலிருந்தே கத்தினாள். "அப்பா! பூந்தமல்லி!"

"ஆமாம்மா" என்று கத்தினேன்.