காசி வரைக்கும் தாங்காத குடை

புதுக் குடைத் துணிக்கு ஒரு வாசனை உண்டு. கஞ்சியும் மண்ணெண்ணெயும் கலந்த மாதிரி... அது மூக்கில் பட்டால் எனக்கு உடனே அக்கா கல்யாணம்தான்.

பத்தொன்பது வயசில் பழங்கதையா என்று சிரிக்காதீர்கள். பழங்கதைக்கு ஆறு வயசு ஆகிவிட்டது. பள்ளிக்கூடத்திலேயே சேர்த்துவிடலாம்!

கரமனையில், ஆற்றங்கரைத் தெருவில் கல்யாணம், ஆனி மாசம். முகூர்த்தத்துக்கு முன்னால் மாப்பிள்ளை சந்நியாசியாகக் காசிக்குக் கிளம்புவார், பெண்ணின் அப்பா கெஞ்சித் திருப்பி அழைத்து வருவார். அந்த யாத்திரைக்குக் குடை பெண் வீட்டார் தரவேண்டும்.

மாப்பிள்ளையின் சித்தப்பா முன்கூட்டியே சொல்லிவிட்டார்: "குடை சீமைக் குடையா இருக்கட்டும். உள்ளூர்க் குடைன்னா எங்காத்துப் பையன் நிஜமாவே காசிக்குப் போயிடுவான், ஆமா!"

அப்பா என்னை இழுத்துக்கொண்டு சாலைக் கடைத்தெரு முழுக்க அலைந்தார்.

"சாமி, சர்க்கார் லைசென்ஸ் இல்லாம சீமையிலேருந்து கப்பல்ல ஒரு குடைக்கம்பி எறங்காது. இது நம்ம நாட்டுக் கம்பெனி. நல்லாத்தான் இருக்கும்," என்றார் கடைக்கார அண்ணாச்சி.

"நல்லா இருக்குமா, நல்லாத்தான் இருக்குமா?" என்றேன். அப்பா என் தொடையில் கிள்ளினார்.

வீட்டில் அப்பா குடையை விரித்தார், மடக்கினார், மறுபடி விரித்தார். "டேய், பார்த்தா உள்ளூர்க் குடைன்னு தெரியுமோடா?"

"தெரியாதுப்பா... இருட்டிலே."

அவர் சிரிக்கவில்லை. குடையில் ஆரம்பிக்கிற பேச்சை அக்கா புக்ககத்தில் காலமெல்லாம் கேட்க நேருமே என்ற பயம் அவருக்கு.

கல்யாணத்தன்று, கண்ணில் மை, கையில் தடியோடு மாப்பிள்ளை அத்திம்பேர் கிளம்பினார். பின்னால் குடை பிடிப்பது மச்சினன் வேலை, அதாவது நான். தெருமுனையை எட்டவில்லை, ஆற்றுப் பக்கமிருந்து ஒரு காற்று... படார்! குடை தாமரை மாதிரி வானத்தைப் பார்த்து மலர்ந்துவிட்டது. ஒரு கம்பி ஒடிந்து தொங்கியது. பின்னாலேயே மழை.

நாதஸ்வரம் நின்றது. "நான் அன்னிக்கே சொன்னேனோல்லியோ!" என்று சித்தப்பா ஆரம்பித்தார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

என் வாய் தானாகத் திறந்தது.

"அத்திம்பேரே, சீமைக் குடைன்னா காசி வரைக்கும் தாங்கும், நீங்க போயே போயிடுவேள். அதான் அப்பா பார்த்துப் பார்த்து, தெருமுனை வரைக்கும் தாங்கற குடையா வாங்கினார். ஆத்துக்கு வாங்கோ, அக்கா காத்துண்டிருக்கா!"

மழையில் நனைந்துகொண்டே அத்திம்பேர் சிரித்தார், கண் மை கன்னத்தில் வழிய வழிய. அப்பாவின் கையைத் தானே பிடித்துக்கொண்டார்.

"மாமா, நீங்க கெஞ்சவே வேண்டாம். குடை சொல்லிடுத்து. வாங்கோ, போலாம்."

இப்போது நம் குடைகள் தேறிவிட்டன. எந்தக் காற்றுக்கும் மலர்வதில்லை. சித்தப்பாவே ஒன்று வாங்கி, "சீமைக் குடை இதுக்கு உறை போடக் காணாது" என்கிறார். என் கல்யாணத்தை நினைத்தால்தான் எனக்குக் கவலை... காசியிலேயே போய் நிற்பேன் போலிருக்கிறது.

அத்திம்பேர் மட்டும் அந்தப் பழைய குடையை விடவில்லை. போன வாரம் கிழக்கேகோட்டையில் அக்காவையும் அவரையும் பஸ் ஏற்றப் போனேன். நல்ல மழை. கம்பி ஒடிந்த பக்கம் துணி தொங்கி ஒழுகியது.

"புதுசு வாங்கப்படாதோ அத்திம்பேரே?"

"இதுக்கென்னடா கேடு?"

அக்கா மேல் ஒரு துளி இல்லை. ஒழுகுகிற பக்கம் அவர் தோள்மேல் இருந்தது.