பின்மண்டைப் படம்

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள். மலேசியாவிலிருந்து வந்த நான், லண்டன் மருத்துவமனையொன்றின் புற்றுநோய்ப் பிரிவில், கதிர் சிகிச்சையில் கதிர் எங்கே பாய வேண்டும் என்று ஸ்கேன் படத்தில் கோடு வரைந்துகொண்டிருந்தேன். நோயாளிகளின் வீட்டாரோடு எனக்குப் பேச்சே இருக்காது. அவர் மட்டும் விதிவிலக்கு.

கிழக்கு லண்டனின் ஃபாரஸ்ட் கேட் பகுதியிலிருந்து ஏழு வயது மகளோடு வரும் யாழ்ப்பாணத்துக்காரர். நெடிய உருவம், சற்றே கூன். மகள் சிகிச்சைக்கு உள்ளே போனதும் அவளுடைய சப்பாத்துகளை மடியில் வைத்துக்கொண்டு, லேஸை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருப்பார்.

ஒருநாள் என் சட்டையில் குத்தியிருந்த அட்டையில் தமிழ்ப் பெயரைக் கண்டுவிட்டார். "தங்கச்சி, பிள்ளையின்ரை படத்தை ஒருக்கால் காட்டுவியளோ?"

மருத்துவரிடம் கேட்டுவிட்டுக் காட்டினேன். பின்மண்டையில் வெள்ளையாய்க் கட்டி. அதைச் சுற்றி என் கோடு.

"படத்துல தெரியிற இடத்துக்குத்தான் கதிர் போகும் அண்ணே. மத்த இடத்துல முடிஞ்சவரைக்கும் படாது."

அவர் கண் அந்தக் கட்டியிலேயே நின்றது.

"விடிய எழும்பினால் சத்தி எடுப்பாள், வயித்திலை இருக்கிறதெல்லாம் வெளியிலை வரும். பள்ளிக்கூடம் போகாமல் இருக்க நடிக்கிறாள் எண்டு, இதிலைதான் அடிச்சனான். அந்த அடி தெரியுதோ?"

"இல்ல அண்ணே. அடிச்சதால இது வராது."

"டொக்டரும் அதைத்தான் சொன்னவர்." கையிலிருந்த சப்பாத்தின் லேஸை இறுக்கிக் கட்டினார். "படத்திலை தெரியாதெண்டால், அந்த அடியை எப்பிடி எரிப்பியள்?"

அவர் போன பிறகு அதே படத்தைத் திறந்து, என் கோட்டுக்கு வெளியே ஓர் அடியின் தடயத்தை நெடுநேரம் தேடிக்கொண்டிருந்தேன்.