அம்மன் மலையைத் திறந்த இடம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று சில வருடங்களாக மனதுக்குள் இழுபறி. அம்மன் காரியத்தில் மண் ஆராய்ச்சியைக் கலக்கிறேன் என்று கோயிலில் சொல்வார்கள். அதிகம் படித்தவனும் இல்லை நான். ஆனால் மழை இறங்கும் ஒவ்வொரு முறையும் எழுந்து போய் வாசலில் நிற்கிறேன். தாயே பொறுத்துக்கொள் என்று கும்பிட்டுவிட்டு எழுதுகிறேன்.

மலைநாட்டில், கலஹாவுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒரு கதை உண்டு. கீழ்க் கிராமத்துச் சிங்கள ஆட்களிடம் எங்கள் முன்னோர் கேட்டது. ஒரு காலத்தில் மலை சரிந்து ஓடையை மறித்ததாம். தண்ணீர் குளமாக ஏறி நின்றதாம். தெய்வம் காலால் உதைத்து வழி திறந்ததாம். அவர்கள் தெய்வம் என்றதை நாங்கள் அம்மன் என்கிறோம். திறந்த இடத்தில்தான் திருவிழாவின் கடைசி நாள் கரகத் தண்ணீரை ஊற்றுவோம்.

என் மகளுக்குத் தனிவீடு கட்டக் காணித் துண்டு ஒன்று அந்த ஓடைக்கரையில் கிடைத்திருந்தது. லயத்து வரிசையில் ஒற்றை அறைக் காம்பிராவில் பிள்ளைகளோடு நெருக்கியடித்துக் கிடப்பவள் அவள். அத்திவாரம் வெட்ட நல்ல நாளும் பார்த்துவிட்டோம்.

அந்த நேரம் பழைய குளங்களைத் தேடி மண் ஆராய்கிற ஒரு பெண் வந்தார். யாழ்ப்பாணத்துப் பிள்ளை. எங்கள் கதையை அவரிடம் சொன்னோம்.

"கதை எங்க நிக்குதோ, அங்க முதல் தோண்டிப் பாப்பம்," என்றார்.

கோயில் தலைவர், கரகம் ஊற்றும் இடமென்று ரோட்டோரச் சின்னப் பாலத்தைப் பெருமையாகக் காட்டினார். அதற்குச் சற்று மேலே அந்தப் பெண்ணோடு வந்தவர்கள் இரும்புத் துளைகோலை இறக்கினார்கள். வெறும் சிவப்பு மண். என் மனம் லேசானது. குளம் இல்லையென்றால் மலையும் சரியவில்லை, மகள் குடியேறலாம்.

அந்தப் பெண் மட்டும் யோசித்துக்கொண்டே நின்றார். "ஐயா, எந்த நாளும் இஞ்சதானோ தண்ணி ஊத்திறனீங்கள்?"

தலைவர் சிரித்தார். "இல்லீங்க மிஸ். முந்தி அந்தா, மேல பாறைக்கிட்ட. ரோடு போட்டப்புறம் இங்க கொண்டாந்துட்டோம். அம்மனுக்கும் கால் வலிக்கும்ல?"

"வலிச்சது அம்மனுக்கா, ஒங்களுக்கா?" என்றாள் கூட வந்திருந்த என் மனைவி.

பாறைக்கு ஏறினோம். அதற்கு மேற்புறப் பள்ளத்தில் இறக்கிய கோலோடு சாம்பல் நிறக் களிமண் வந்தது. தாள் அடுக்கினாற்போல் மெல்லிய படலங்கள்; நடுவே கறுத்துப்போன ஓர் இலை. அசையாமல் நின்ற தண்ணீரில்தான் இப்படிப் படியும் என்றார் அந்தப் பெண். பாறையே மலையிலிருந்து சரிந்து வந்த கல்தானாம். தண்ணீர் உடைத்துப் பாய்ந்த வழியையும் காட்டினார். மகளின் காணி அதிலேதான் இருந்தது.

"திரும்பச் சரியுமா மிஸ்?" என்று கேட்டேன்.

"சரியாது எண்டு என்னால சொல்ல ஏலாது ஐயா. நான் எண்டால் அங்க வீடு கட்டமாட்டன்."

மகள் காணியை வேண்டாமென்றுவிட்டாள். வேறு இடம் கேட்டு இன்னும் அலைகிறோம். அவள் விட்டதை வேறொரு குடும்பம் எடுத்து, இப்போது சுவர் எழுப்புகிறது. போய்ச் சொன்னேன்.

"கரகம் ஊத்துறது பாலத்துலதானே மாமா? அங்கதான் ஒண்ணும் இல்லேன்னுட்டாங்களே," என்றான் அந்த வீட்டுக்காரன். கலவை குழைப்பதை அவன் நிறுத்தவில்லை.

அதனால்தான் எழுதினேன். படிப்பவர்கள் அந்த ஓடைக்கரையில் யாரைக் கண்டாலும் இதைச் சொல்லுங்கள். அம்மன் திறந்தது பாறையடியில். நடக்கச் சுலபமென்று இடத்தை நகர்த்தாமல், கேட்டது கேட்டபடியே சொல்லுங்கள்.