ஆறு வயது யூசர்

தொண்ணூறுகளின் கடைசியில், பாண்டி பஜாரில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் இருந்த எங்கள் சாஃப்ட்வேர் கம்பெனியில் அவர்தான் சீனியர். காதோரம் நரை, மடித்துவிட்ட முழுக்கைச் சட்டை. வெப்சைட்டுக்குள் வந்திருப்பவர் யார் என்பதை சர்வர் கொஞ்ச நேரம் நினைவில் வைத்திருக்கும். அதற்கு செஷன் என்று பெயர். நாங்கள் அதில் பெயர், வயது, தேதி எல்லாவற்றையும் வெறும் எழுத்தாகவே திணிப்போம். அவர் விடமாட்டார். "வயசுன்னா நம்பர்தான்ப்பா. காலியாவும் விடக்கூடாது" என்பார்.

சோதித்துப் பார்க்க அவர் எப்போதும் ஒரே பெண் பெயரில்தான் உள்ளே போவார். வயது ஆறு. செஷன் காலாவதியாகி வெளியே தள்ளினால், அலுக்காமல் அந்தப் பெயரை மறுபடி அடிப்பார்.

"உங்க பொண்ணா சார்? நான் சேர்ந்தப்பவும் ஆறு, இப்பவும் ஆறுதானா?" என்று ஒருநாள் சிரித்துக்கொண்டே கேட்டேன்.

"அவளுக்கு ஏழு வரவே இல்லப்பா" என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வெப்சைட்டை வாடிக்கையாளரிடம் ஒப்படைக்கும் முன் சோதனைப் பெயர்களை எல்லாம் அழித்தாக வேண்டும். மற்றவற்றை அவரே அழித்தார். "அது ஒண்ணை மட்டும் நீ பண்ணிடு" என்று எழுந்து, டீ குடிக்கப் போவதாகச் சொல்லிக் கீழே இறங்கினார்.

அவருக்கு டீ குடிக்கிற பழக்கமே கிடையாது.