ப்ரூஃப் அக்கா வீட்டுக் கூரை

அச்சகத்தில் முப்பத்தோரு வருஷம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பிழை பார்த்தவளை எல்லோரும் ப்ரூஃப் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். ஓய்வு பெற்ற பிறகு அப்படிக் கூப்பிடவும் ஆளில்லை. கல்யாணம் தள்ளிப் போய்த் தள்ளிப் போய் ஒருநாள் அந்தப் பேச்சே நின்றிருந்தது. தம்பியும் குடும்பத்தோடு வேறு ஊருக்குப் போய்விட்டான். இரண்டு அறையும் சமையலறையுமான அந்த ஓட்டு வீட்டில் அவள் மட்டும்தான்.

புயல் பட்டப்பகலில் அடித்தது. பின்னறைக் கூரையில் பாதி ஓடுகளை வாரிக்கொண்டு போனது. கட்டிலை முன்னறைக்கு இழுக்கப் பார்த்தாள். இன்னொரு கை இருந்தால் நகர்ந்திருக்கும். மெத்தையை மழைக்கே விட்டுவிட்டு, பீரோவிலிருந்து வீட்டு இன்ஷூரன்ஸ் பத்திரத்தை எடுத்து வரி விடாமல் படித்தாள். புயலால் வந்த சேதத்துக்கு இழப்பீடு உண்டு. நாள்பட்ட தேய்மானத்துக்குக் கிடையாது. தாமதிக்காமல் தெரிவிக்க வேண்டும். அன்று சாயங்காலமே இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குப் போன் செய்தாள்.

மூன்றாம் நாள் சேதத்தை மதிப்பிட கம்பெனி சர்வேயர் வந்தார். ஏணி போட்டு ஏறி, மரச்சட்டங்களைத் தட்டிப் பார்த்தார், படம் எடுத்தார். இறங்கி வந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

"ஓடு பழசு மேடம். காத்துல போச்சா, ஏற்கெனவே சரிஞ்சிருந்துச்சான்னு நான் எழுதணுமே. புயலுக்கு முன்னாடி எடுத்த போட்டோ ஏதாவது இருக்கா?"

"தேடிப் பாக்கறேன்."

அவர் போனதும் வீட்டையே புரட்டிப் போட்டாள். தம்பி கல்யாணப் படம் இருந்தது, அச்சகத்தில் கடைசி நாள் எடுத்த படம் இருந்தது. வீட்டின் படம் ஒன்றுகூட இல்லை. யாராவது வந்து போனால்தானே எடுப்பார்கள்!

பக்கத்து மாடி வீட்டில் ஒரு தையல்காரி இருந்தாள். பதினோரு வருஷப் பழக்கம், வாசலில் பார்த்தால் தலையாட்டுவதோடு சரி. போவோமா வேண்டாமா என்று அரை நாள் யோசித்துவிட்டு அக்கா கதவைத் தட்டினாள்.

விஷயத்தைக் கேட்டதும் தையல்காரி போனைத் துழாவினாள். "போன மாசம் பையன் பிறந்தநாளுக்கு மொட்டை மாடியில எடுத்தோம். இருங்க, இருங்க… இதோ பாருங்க!"

பலூன்களுக்குப் பின்னால் அக்காவின் கூரை, ஒரு ஓடு கலையாமல் வரிசையாக. கீழே சமையலறை ஜன்னலில் ஒரு முகம், மாடியையே பார்த்துக்கொண்டு.

"ஐயோ, இது நீங்களா? அன்னைக்குக் கூப்பிட்டிருக்கலாம். நீங்க எங்கேயும் வர மாட்டீங்கன்னு…" என்று இழுத்தாள் தையல்காரி.

"நான் அடுப்பைப் பாத்துட்டு நின்னேன்" என்றாள் அக்கா. அவள் அடுப்பு ஜன்னலுக்கு எதிர்ச் சுவரோரம் இருந்தது.

இருந்ததிலேயே கூரை தெளிவாகத் தெரிந்த படம் அதுதான். அதையே அனுப்பச் சொன்னாள். போனில் பேசிய சர்வேயர், "தேதியும் இருக்கு, போதும் மேடம். அட, நீங்களும் நிக்கிறீங்களே!" என்று சிரித்தார். அக்காவும் சிரித்து வைத்தாள்.

ஓட்டுக்கும் முறிந்த சட்டங்களுக்கும் இழப்பீடு வந்தது. கரையான் அரித்த இரண்டு உத்தரங்களுக்கு வரவில்லை. கடிதத்தை இரண்டு முறை படித்துப் பார்த்தாள், சரியாகத்தான் எழுதியிருந்தார்கள். அவற்றைத் தன் சேமிப்புப் பணத்தில் மாற்றிப் போட்டாள்.

நாலு நாள் தலைக்கு மேல் ஆட்கள் நடந்தார்கள். சுத்தியல் சத்தமும் கேலிப் பேச்சுமாக வீடு கலகலவென்றிருந்தது. நேரம் தவறாமல் டீ போட்டுக் கொடுத்தாள். யாருக்குச் சர்க்கரை தூக்கல், யாருக்குக் குறைச்சல் என்பது இரண்டாம் நாளே அத்துப்படி.

கடைசி நாள் மேஸ்திரி கீழே இறங்கி, "கவலையே படாதீங்கம்மா. இனி பத்து வருஷத்துக்கு இந்த வீட்டுப் பக்கம் ஒருத்தரும் வர வேண்டியதில்லை" என்றார்.

"இன்னொரு டீ போடட்டுமா?"

"வேண்டாம்மா, நேரமாச்சு."

அதற்குள் ஏணியை வண்டியில் கட்டிவிட்டார்கள். அக்கா வண்டி தெருமுனை தாண்டும்வரை பார்த்துவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.