நான்கு விரல் நகர்ந்த கயிறு

எழுதுவதற்கு நான் ஆளில்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். நாலு பேர் கூடிய இடத்தில் பேசச் சொன்னாலே நான் பின்வரிசைக்குப் போய்விடுவேன். எங்கள் மின்வாரியத் தொழிலாளர் சங்கத்து ஆண்டு மலருக்கு, ஒற்றுமையாக வேலை செய்வது பற்றி இரண்டு பக்கம் எழுதித் தரும்படி இளையவர்கள் வந்து கேட்டபோது, வேறு யாரையாவது பாருங்கள் என்றுதான் சொன்னேன். "இத்தினி வருஷமா லைன் வேலையில இருக்கறீங்க. ஒங்களுக்குத் தெரியாததா?" என்றார்கள். தெரியும். ஆனால் எனக்குத் தெரிந்தது மலரில் போடுகிற மாதிரி இருக்காது. என்னிடம் இருப்பது இது ஒன்றுதான். தப்பாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் இந்த வேலையில் சேர்ந்த கதை இது. அறுபதுகளின் நடுவில், எனக்கு இருபத்திரண்டு வயது இருக்கும்.

செஞ்சிக் கடைத்தெருவுக்குக் கரண்டு வந்து சில வருஷம் ஆகியிருந்தது. எங்கள் ஊருக்குள்ளும் வந்துவிட்டது. எங்கள் தெரு மட்டும் ஊருக்கு வெளியே, வயல்களுக்கு அந்தப் பக்கம் இருந்தது. அதற்கான ஏழு சிமெண்டுக் கம்பங்களை லாரி ரோட்டோரம் இறக்கிவிட்டுப் போய் ஒரு மாதம் ஆயிற்று. வரப்பில் மாட்டுவண்டி போகாது. லைன் மேஸ்திரியிடம் இருந்த நாலைந்து ஆட்கள் குழி வெட்டவும் கம்பி இழுக்கவுமே சரியாக இருந்தார்கள். "நீங்களே தூக்கியாந்து குழிகிட்ட போட்டீங்கன்னா, நட்டுக் குடுக்கறது எம் பொறுப்பு" என்றார் அவர். வயல்காரரிடம் போய் நின்றோம். அவர் ஒரே ஒரு நாள் கொடுத்தார். மறுநாள் தண்ணீர் கட்டி நடவு. அன்றைக்குள் முடியாவிட்டால் அறுப்பு வரைக்கும் எங்களுக்குச் சிம்னி விளக்குதான்.

அன்று காலை ரோட்டோரத்தில் கூடியபோது மேஸ்திரி இன்னொன்றும் சொன்னார். அவருடைய ஆட்களில் ஒருவர் வேலையை விட்டுப் போய்விட்டார். "ஒங்கள்ல ஒருத்தன கூட்டினு போலாம்னு இருக்கறேன். மாசா மாசம் வேல, அலைச்சல் இருக்கும். இன்னைக்கு நீங்க தூக்கறத பாத்துட்டு சாயந்தரம் சொல்றேன்."

எல்லோரும் ஒரே ஆளைத்தான் திரும்பிப் பார்த்தோம். அவர் கிணறு வெட்டுகிறவர். குள்ளம், ஆனால் நல்ல கட்டு. எங்கள் பக்கத்தில் கிணறு என்றால் மண் கொஞ்சம், பாறை மிச்சம். பாறையில் ஓட்டை போட்டு வெடி வைக்க வேண்டும். முந்தின வருஷம் திரி சீக்கிரம் எரிந்து, இடது கையில் இரண்டு விரல் போய்விட்டன. அதிலிருந்து அவர் கிணற்றில் இறங்குகிற நாட்களில் அவர் மனைவி மேலே மண் குவியலில் வந்து உட்கார்ந்துகொள்வார். அவர் ஏறி வந்த பிறகுதான் வீட்டுக்குப் போவார். அன்று எங்களுக்குக் கூழ் கொண்டுவந்திருந்த அந்த அம்மாவும் மேஸ்திரி சொன்னதைக் கேட்டார். "இது மட்டும் கெடச்சுதுன்னா இனிமே பள்ளத்துல எறங்க வேணாம்" என்று என் அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார். அது எனக்கும் கேட்டது.

கம்பம் தூக்குவது இப்படி. நாலு இடத்தில் கயிறு போட்டு, ஒவ்வொரு கயிற்றிலும் ஒரு சவுக்குத் தடி குறுக்கே கொடுப்போம். தடிக்கு இரண்டு பேர், கம்பத்துக்கு அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர். மொத்தம் எட்டுப் பேர். தடியின் சரிபாதியில் அரிவாளால் ஒரு வெட்டு போட்டிருக்கும். கயிறு அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்தால் இரண்டு தோளிலும் ஒரே கனம். கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தால் கயிற்றுக்குக் கிட்ட இருப்பவருக்குக் கனம் கூடும்.

உயரம் பார்த்து ஜோடி சேர்த்தார்கள். குள்ளத்தில் மிச்சம் இருந்தது நானும் கிணறு வெட்டுகிற அண்ணனும்தான். நான் அப்போது அரிசி மில்லில் மூட்டைக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். எங்களுக்கு முன் தடியில் இருந்த, எதற்கும் கேலி பேசுகிற ஒருவர், "ண்ணா, பாத்து. அவன் தோளு பேனா தூக்குனாலே சாயுற தோளு" என்றார்.

"ஒன் வேலயப் பாருடா" என்றார் அண்ணன். என்னிடம் துண்டைக் காட்டி, "நாலா மடிச்சு வச்சுக்கடா. ஒத்தையா வச்சா தோளு உரிஞ்சிடும்" என்றார்.

தெருவில் மூத்த மனிதர் ஒருவர் முன்னால் நடந்து குரல் கொடுப்பதாக ஏற்பாடு. தூக்குவதற்கு முன் அவர் எல்லோரையும் நிற்கவைத்துச் சொன்னார். "ஒண்ணு கேட்டுக்குங்க. முடியலன்னா எறக்குன்னு வாயத் தொறந்து சொல்லணும். எவன் சொன்னாலும் எட்டு பேரும் எறக்கணும். வெக்கப்பட்டுனு தனியா தோள வெளிய வாங்குனீங்க, மத்தவன் காலு நசுங்கிடும்."

"இவன் ஒருத்தனுக்குத்தான் ண்ணா காலு பத்திரமா இருக்கணும்" என்று கேலிக்காரர் பக்கத்தில் இருந்தவரைக் காட்டினார். "கரண்டு வந்து பொண்டாட்டி மூஞ்சியப் பாத்தான்னு வையி, அன்னைக்கே ஓடணும்."

சிரித்துக்கொண்டேதான் முதல் கம்பத்தைத் தூக்கினோம். கிட்டத்துக் குழியிலிருந்து ஆரம்பித்ததால் முதல் மூன்று சுலபம். எட்டுப் பேரும் ஒரே காலை எடுத்துவைத்து நடக்கும்போது அந்தக் கனம் நம்முடையது இல்லை என்றே தோன்றும். அதை இத்தனை வருஷம் கழித்தும் என் தோள் மறக்கவில்லை. யாராவது "எறக்கு" என்றால் இறக்குவோம், மூச்சு வாங்குவோம், மறுபடி தூக்குவோம். சொன்னவரை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நாலாவது கம்பம் முடிவதற்குள் ஆறு பேர் ஆளுக்கு ஒரு தடவையாவது சொல்லியிருப்பார்கள்.

நான் சொல்லவில்லை. முடிந்ததால் அல்ல. என் தோள் எரிந்தது, கழுத்து நரம்பு இழுத்தது. அந்த ஒரு வார்த்தை நாக்கு வரை வந்து நின்றுவிடும். நான் சத்தம் போட்டு, அதற்காக ஏழு பேர் நிற்பதை நினைத்தாலே கூச்சமாக இருந்தது. பேனா பிடிக்கிறவன் என்று சிரிப்பார்களே என்றும் இருந்தது.

ஐந்தாவது கம்பத்தில் யாரோ "எறக்கு" சொல்லி இறக்கினோம். கயிறு தளர்ந்து கிடந்தது. அண்ணன் குனிந்து காலில் குத்திய முள்ளை எடுத்துக்கொண்டிருந்தார். நான் கயிற்றை வெட்டிலிருந்து தூக்கி, அவர் பக்கமாக நான்கு விரல் தள்ளி வைத்தேன். ஏன் செய்தேன் என்று அப்போது யோசிக்கவில்லை. கை தானாகப் போன மாதிரி இருந்தது என்று பல நாள் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அது பொய். போவதற்கு முன் சுற்றிலும் யார் பார்க்கிறார்கள் என்று பார்த்தேன்.

தூக்கியதும் வித்தியாசம் தெரிந்தது. மூச்சு விட முடிந்தது. கொஞ்ச தூரத்தில் அண்ணன் "எறக்கு" என்றார். அன்றைக்கு அவர் சொன்னது அதுதான் முதல் தடவை.

ஆறாவது கம்பத்துக்கு எங்கள் தடியில் கயிறு மாட்டியவன் நான். இன்னும் நான்கு விரல் தள்ளி மாட்டினேன்.

ஏழாவது எங்கள் தெரு முனைக்குப் போக வேண்டியது. இருப்பதிலேயே தூரம். நடுவில் ஒரு வாய்க்கால், முழங்கால் வரை சேறு. வெயில் சாய்ந்து ராஜகிரி மலையின் பாறைகள் சிவந்திருந்தன. கயிறு ஆறாவதில் இருந்த இடத்திலேயே இருந்தது. வாய்க்காலில் இறங்கும் முன் அண்ணன் இரண்டு தடவை இறக்கச் சொன்னார். நடு வாய்க்காலில் அவர் முழங்கால் மடிந்தது. "எறக்கு, எறக்கு" என்றார். சேற்றிலேயே இறக்கினோம்.

"இன்னா ண்ணா," என்றார் கேலிக்காரர், "பாறய ஒடைக்கிற தோள ஊட்ல மாட்டிட்டு வந்துட்டியா?"

"தெரியலடா. இன்னைக்கு இன்னாவோ கணக்குது" என்று அவர் சிரித்தார். முகம் சாம்பல் பூத்திருந்தது. மேஸ்திரி கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கூழ்ப் பானையோடு அண்ணனின் மனைவியும் நின்றிருந்தார். அப்போதாவது நான் கயிற்றைத் தடியின் வெட்டில் எடுத்து வைத்திருக்கலாம். சேற்றில் யாருக்கும் தெரிந்திருக்காது. மேஸ்திரி பார்க்கிறார் என்பது எனக்கு ஞாபகம் இருந்தது. வைக்கவில்லை.

மூத்தவர் குரல் கொடுத்தார். எட்டுப் பேரும் பல்லைக் கடித்துத் தூக்கினோம். வழுக்கினோம், ஒருவர் முதுகை ஒருவர் முட்டினோம், ஆனால் யாரும் தோளை வாங்கவில்லை. கம்பம் கரையேறியது. தெரு முனையில் அதைப் போட்டபோது பெண்கள் ஓடிவந்து அதைத் தொட்டுப் பார்த்தார்கள். ஏழும் வந்துவிட்டன. எல்லோரும் அப்படியே தரையில் படுத்துவிட்டோம்.

மேஸ்திரி வந்து நின்றார். அண்ணனைப் பார்த்து, "நல்ல ஆளுதான். ஆனா தோளு விட்டுப்போச்சு ஒனக்கு. நாளெல்லாம் தூக்கற வேல இது" என்றார். பிறகு என்னைக் காட்டினார். "இந்தத் தம்பி காலையிலேர்ந்து ஒரு தடவ எறக்குன்னு சொல்லல. நாளைக்கு ஆபீசுக்கு வந்து பேரு குடு. படிச்சிருக்கியா?"

"எட்டாவது" என்றேன்.

"அதுவும் நல்லதாப் போச்சு."

அண்ணனின் மனைவி காலிப் பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தார்.

தடிகளைக் கட்டி வைக்க அண்ணன்தான் எழுந்தார். எங்கள் தடியைக் கையில் எடுத்தவர் கொஞ்சம் நின்றார். வெட்டுக்குப் பக்கத்தில், அவர் தோள் இருந்த பக்கமாக, பட்டை உரிந்து கயிற்றின் தடம் வெள்ளையாகத் தெரிந்தது. கட்டைவிரலால் அதைத் தேய்த்துப் பார்த்தார். என் பக்கம் திரும்பினார்.

"கயிறு நழுவிடுச்சு போல" என்றார்.

பள்ளத்தில் உட்கார்ந்த கயிறு தானாக நழுவாது. அது எனக்குத் தெரியும். கிணற்றில் இத்தனை வருஷம் கல் தூக்கியவருக்கும் தெரியும்.

"ஆமா ண்ணா" என்றேன்.

அவர் தலையாட்டினார். "காலையில நேரத்தோட போடா. அந்த ஆளு கரெக்டா இருக்கணும்ன்றவரு."

எட்டாவது படித்ததால்தான் என்னை எடுத்தார்கள் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அண்ணன் வீட்டுக்குக் கரண்டு கொடுத்த அன்று பல்பு மாட்டியவன் நான். நான் ஏறி நின்ற ஸ்டூலை அவர்தான் பிடித்துக்கொண்டார். மூட்டு போகும்வரை அவர் கிணற்றில்தான் இறங்கினார். மேலே மண் குவியலில் அவர் மனைவி உட்கார்ந்திருப்பதை, பஸ்ஸில் போகும்போது எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். பார்த்ததும் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். அண்ணன் இப்போதும் அதே தெருவில்தான் இருக்கிறார். எதிரே வந்தால் "சாப்டியாடா" என்பார்.

ஒற்றுமையாக வேலை செய்வதைப் பற்றிக் கேட்டீர்கள். ஏழு பேர் சரியாகத் தூக்கினால், எட்டாவது ஆள் தூக்காவிட்டாலும் கம்பம் போய்ச் சேர்ந்துவிடும். யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அண்ணனுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் இந்த மலர் வந்தால் படித்துக் காட்ட அந்த வீட்டில் ஆள் இருக்கிறது. அதற்காகத்தான் எழுதினேன். எழுதி முடித்து மூன்று நாள் கொடுக்காமல் வைத்திருந்ததும் அதனால்தான்.

கம்பம் தூக்கிய மறுநாள் காலை ஏழு மணிக்குச் செஞ்சி ஆபீசுக்குப் போய்ப் பெயர் கொடுத்தேன். வயலில் தண்ணீர் கட்டி நடவு நட்டார்கள். அண்ணன் அனந்தபுரம் பக்கம் ஒரு கிணற்று வேலைக்குப் போனார்.