என் தோளில் ஒரு திமிங்கிலம்

ஜூலை மாதத்தில் துபாயில் குளிர்ச்சட்டை தேடி அலைந்தவர்களுக்குத்தான் என் பாடு விளங்கும். வெளியே வெயில் ஆளைப் பொரிக்கிறது. கடைகளில் நீச்சல் உடுப்பைத் தவிர வேறொன்றும் இல்லை. நானோ வடதுருவத்துக்குக் கிட்டப் போகும் கப்பலில் ஏறுவதற்குச் சாமான் சேர்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் வேலைத்தலமே கைகொடுத்தது. ஜெபல் அலியில் உறைந்த கோழியும் மீனும் வைக்கிற ஒரு குளிர்க் கிடங்கின் அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறவள் நான். கிடங்குக்குள் போகிற தொழிலாளர்கள் போடும் தடித்த நீல ஜாக்கெட் இரண்டை, ஸ்டோர் பொறுப்பாளரோடு மல்லுக்கட்டி இரவல் வாங்கினேன். முதுகில் வெளிச்சம் பட்டால் பளபளக்கும் வெள்ளிப் பட்டி. எத்தனை தரம் கழுவியும் லேசான மீன் வாடை போகவில்லை.

ஒன்று எனக்கு, மற்றது என் அண்ணாவுக்கு.

அண்ணா குவைத்தில், அப்பாசியாவில், படம் பிடிக்கிற தொழில் செய்கிறவர். யாழ்ப்பாணத்திலிருந்து அங்கே போன நாள் தொட்டு ஒரே ஸ்டூடியோதான். எங்கள் ஆட்களும் மலையாளிகளும் நெருக்கியடித்து வாழும் இடம் அது. பிறந்தநாள், அரங்கேற்றம், பெண்பிள்ளைகளின் சாமத்தியச் சடங்கு, தேவாலயத்தில் முதல் நன்மை எல்லாவற்றுக்கும் அண்ணா போவார். அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பாதிப் பேர் கேக்குக்கு மேலே கன்னத்தை உப்பிக்கொண்டு அவருடைய கமெராவுக்குள் வளர்ந்தவர்கள்தான்.

போன பெருநாள் லீவுக்கு அவர் துபாய்க்கு வந்தபோதுதான் எனக்கு விஷயம் தெரிய வந்தது. தேநீர் ஊற்றினேன். அரைக் கோப்பை போதும் என்றார். அண்ணாவும் அரைக் கோப்பையும்! ஒரு செம்பு கொடுத்தாலும் குடித்துவிட்டு இன்னும் இருக்கா என்று கேட்கிற மனிதர். சீனி வருத்தமோ என்று கேட்டேன், இல்லை என்றார். அவர் கோப்பையைத் திரும்ப வைக்கும்போது தட்டில் கடகடவென்று ஒரு சத்தம் கேட்டது. நான் அவருடைய கையைப் பார்த்தேன், அவர் ஜன்னலைப் பார்த்தார்.

நான் விடுகிற ஆள் இல்லை. துருவித் துருவிக் கேட்டு எடுத்துவிட்டேன். நரம்பு வருத்தமாம். மெல்ல மெல்லக் கூடும், குளிசை கொஞ்சம் பிடித்து வைக்கும் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். ஸ்டூடியோக்காரர் நல்ல மனிதர்தான், ஆனால் அவருக்கும் தொழில் நடக்கவேண்டுமே. அண்ணாவைக் கவுண்டரில் உட்காரவைத்து, மற்றவர்கள் எடுத்த பாஸ்போட் படங்களை வெட்டிக் கொடுக்க விட்டிருக்கிறார். இதைச் சொல்லும்போது அண்ணாவின் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. எனக்குத்தான் யாரையாவது பிடித்துக் கிழிக்க வேண்டும்போல் இருந்தது, கிழிக்க ஆள் கிடைக்கவில்லை.

“என்ர வாழ்க்கை முழுக்க ‘இஞ்ச பாருங்கோ, இஞ்ச பாருங்கோ’ எண்டு சொல்லித்தான் படம் எடுத்தனான்” என்றார். “சொல்லாமல் ஒண்டு எடுக்கவேணும். உயிருள்ள ஒண்டு. அதுபாட்டுக்கு நிக்கவேணும், படம் ஆடாமல் வரவேணும். வராட்டி கமெராவை வித்துப்போட்டுக் கவுண்டரிலயே இருக்கிறன்.”

எனக்கு லீவும் சேர்ந்திருந்தது, கோபமும் சேர்ந்திருந்தது. என் கணவருக்குக் கடல் ஒத்துவராது. நீங்கள் போய்வாருங்கள் என்று மகளோடு வீட்டில் நின்றுவிட்டார். நோர்வேக்கும் மேலே, பனியாறுகள் கடலில் இறங்குகிற தீவுகளைச் சுற்றிவரும் கப்பல் ஒன்றைப் பிடித்தேன்.

கப்பலில் எல்லோரும் குழாய்க் கிணற்றுக் குழாய் அளவு லென்சுகளோடு, விதவிதமான சிவப்பும் மஞ்சளுமான ஜாக்கெட்டுகளில் வந்திருந்தார்கள். கிடங்கு ஜாக்கெட்டில் நின்ற எங்களைச் சிப்பந்திகள் என்றே முடிவுகட்டிவிட்டார்கள். ஒரு அம்மா என்னிடம் சூப் எப்போது வரும் என்று கேட்டாள். நான் முறைத்த முறைப்பில் அவளுக்குப் பசியே போயிருக்கும். அண்ணாவுக்கோ ஒரே சந்தோஷம். வயதான தம்பதி ஒன்று எங்களைப் படம் எடுத்துத் தருவீர்களா என்று அவரிடம் ஃபோனை நீட்டியது. அவர் சும்மா எடுத்தாரா? நாடியைத் தாழ்த்தச் சொல்லி, தோளைத் திருப்பி, மனிதரின் தொப்பியைச் சரிசெய்து, அப்பாசியா பார்ட்டி ஹோல் கணக்காக நிறுத்திவைத்து எடுத்தார். பிறகு அவருக்கு முன்னால் வரிசை நின்றது. ஃபோனில் எடுக்கிற படத்துக்குக் கை நடுக்கம் அவ்வளவு தெரியவில்லை.

தன் கமெராவில்தான் தெரிந்தது. முதல் நாள் முக்காலியைக் கொண்டுபோய் மேல்தளத்தில் விரித்தார். கப்பலின் எஞ்சின் அதிர்வு தகடு வழியாக ஏறி முக்காலியை உலுக்கியது. கப்பலில் முக்காலி உதவாது, உடம்பில் சாய்த்துப் பிடிப்பதுதான் நல்லது என்று வழிகாட்டிப் பெண் வந்து சொன்னாள். அண்ணா முக்காலியை மடக்கினார்.

“கப்பலுக்கும் எனக்கும் ஒரே வருத்தம்” என்றார்.

பனியாற்றை எடுத்தபோது வெள்ளைப் பனியெல்லாம் சாம்பல் நிறமாக விழுந்தது. பக்கத்தில் நின்றவர்கள் கமெராவைத் தட்டித் தட்டிப் பார்த்தார்கள். அண்ணா அலட்டிக்கொள்ளவில்லை. முதல் நன்மை எடுக்கிற பிள்ளைகளின் வெள்ளைச் சட்டையும் இப்படித்தானாம். அவ்வளவு வெள்ளையைக் கண்டால் கமெரா பயந்து இருட்டாக்கிவிடும், நாங்கள்தான் வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டிக்கொடுக்க வேண்டும் என்றார். பனி வெள்ளையானது. நீலம் படர்ந்த வெள்ளை, சொன்னால் நம்பமாட்டீர்கள். ஆனால் மலை அசையாது, அதுவும் படத்துக்கு வரிசையாக நிற்கிற உறவினர்களைப் போலத்தான். அவருக்கு வேண்டியது அது இல்லை.

அன்றுதான் அந்தக் கூத்து நடந்தது. வளைகுடா நாடுகளில் படம் பிடிக்கிற எல்லோருக்கும் ஒரு பழக்கம் உண்டு. ஏசி அறையிலிருந்து கமெராவை நேரே வெளியே கொண்டுபோனால், அந்தப் புழுக்கத்தில் லென்ஸ் பூத்துப்போகும், ஒன்றும் தெரியாது. அதனால் புறப்படுவதற்கு முன்பே ஏசி இல்லாத இடத்தில், அதாவது குளியலறையில், கமெராவை வைத்துச் சூடேற்றிவிடுவார்கள். அண்ணாவும் ஆண்டாண்டு காலமாகச் செய்வது அதைத்தான். பனிக்காற்றில் விறைத்த கமெராவோடு கபினுக்கு வந்தவர், அடுத்த தரத்துக்குத் தயாராக இருக்கட்டும் என்று பழக்கதோஷத்தில் அதைக் குளியலறைத் தட்டில் வைத்துவிட்டார். நான் அப்போதுதான் கொதிக்கக் கொதிக்கக் குளித்துவிட்டு வெளியே வந்திருந்தேன். உள்ளே ஒரே ஆவி. சற்றுக் கழித்துப் பார்த்தால் கமெரா வேர்த்து ஒழுகியது. லென்சுக்கு உள்ளேயும் தண்ணீர். சுவிட்சைப் போட்டால் உயிரில்லை.

இந்த நேரத்தில் ஆராவது குளிப்பினமோ என்று அவர் பாய்ந்தார். குளியலறையில் குளிக்காமல் வேறென்ன செய்வது என்று நான் பாய்ந்தேன். சிறு வயதிலிருந்து எங்கள் இருவருக்கும் சண்டையென்றால் இப்படித்தான். அவர் கத்திவிட்டு அடங்கிவிடுவார், நான் அடங்கமாட்டேன். என்னில் பிழை இருந்தாலே ஒத்துக்கொள்ளாத ஆள் நான், பிழை இல்லாதபோது விடுவேனா? அம்மா அப்பா காலத்து வழக்குகள்வரை இழுத்துப் பேசினேன். கடைசியில் அவர் ஈரக் கமெராவை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். அந்தக் கை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. நான் ஹெயார் டிரையரைத் தேடுகிற சாட்டில் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வழிகாட்டிப் பெண்ணிடம் ஓடினேன். இங்கே எல்லாம் தலைகீழ், வெளியே போகும்போது பயமில்லை, உள்ளே வரும்போதுதான் கவனம் என்றாள். வெளியிலேயே பிளாஸ்டிக் பைக்குள் போட்டு வாயை இறுக்கிக் கட்டி, பிறகு உள்ளே கொண்டுவந்து, அறைச்சூட்டுக்கு வரும்வரை திறக்காமல் வைக்க வேண்டுமாம். கமெராப் பற்றறிகளை உள்சட்டைப் பையில் உடம்போடு வைத்திருக்க வேண்டும், குளிரில் அவை சட்டென்று செத்துவிடும். இப்போதைக்குக் கமெராவைத் திறந்து உலரவிட்டுக் காத்திருங்கள் என்றாள்.

அடுத்த நாள் முழுக்க அது உலர்ந்தது. அன்றைக்கென்று பார்த்து வால்ரஸ் கூட்டம் ஒன்று கரையில் கிடந்தது. லீவு நாளில் தொழிலாளர் கேம்ப் ரூமில் ஆட்கள் ஒருவர்மேல் ஒருவர் காலைப் போட்டுக்கொண்டு கிடப்பதுபோல், தந்தமும் மீசையுமாக உருண்டு கிடந்தன. எல்லோரும் படமாகச் சுட்டுத்தள்ள, அண்ணா வெறுங்கையோடு நின்றார். என் நெஞ்சு எரிந்தது. அவரோ ஒவ்வொன்றாக ரசித்து, இது குவைத்தில் எங்கட வோச்மன், அது உன்ர மேனேஜர் என்று பேர்வைத்துக்கொண்டிருந்தார்.

அங்கேதான் இன்னொன்றையும் கண்டேன். தளத்தில் சூடான கோப்பி கொண்டுவந்தார்கள். அண்ணா தட்டிலிருந்து முழுக் கோப்பை ஒன்றை எடுத்தார். எனக்குத் திக்கென்றது. சுற்றிப் பார்த்தால் அந்தக் காற்றில் எல்லோர் கையும் வெடவெடத்தது. ஆளுக்கு ஆள் கோப்பியைச் சிந்தி, ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். அண்ணாவும் சிந்தினார், சிரித்தார். கைக்குட்டையால் துடைத்துவிட்டு இன்னொன்று கேட்டார். எத்தனை நாளைக்குப் பிறகு அவர் முழுக் கோப்பை குடித்தாரோ தெரியாது.

கமெரா உயிர் பெற்றது. ஆனால் கப்பலைத் தொடர்ந்து பறந்த பறவைகளை எடுத்துப் பார்த்தபோது, ஒவ்வொரு பறவையும் இரண்டு பறவையாக இருந்தது. கமெராவின் ஷட்டர் வேகத்தைக் கூட்டிப் பார்த்தார். மூச்சைப் பிடித்து, முழங்கையை விலாவில் ஒட்டிப் பார்த்தார். ஒவ்வொன்றாய் அழித்துக்கொண்டே வந்தார். திரும்பும் வழியில் ஒரு நாள்தான் மிச்சம் இருந்தது.

அந்த நாள் வானம் மூடிக் கிடந்தது. தூரத்தில் பறவைகள் ஓரிடத்தில் சுழன்றன. பறவை கூடுகிற இடத்துக்குக் கீழே திமிங்கிலம் இருக்கும், கீழ்த்தளத்துக்கு இறங்குங்கள், தண்ணீருக்குக் கிட்ட நின்றால்தான் படத்துக்கு உயிர் வரும் என்று வழிகாட்டிப் பெண் சொல்லியிருந்தாள். ஓடினோம். கறுத்த முதுகு ஒன்று எழுந்து, புஸ்ஸென்று மூச்சுவிட்டு, தாழ்ந்தது. மறுபடி எழுந்தது. கமெராக்கள் பொரிந்தன. அண்ணா எடுக்கவில்லை. பார்த்துக்கொண்டே நின்றார்.

“முதுகை வளைக்குது பார், அதுதான் கன்னம் உப்புறது” என்று மெதுவாகச் சொன்னார். “பேந்துதான் வால் வரும். இஞ்ச வா. முன்னால நில்.”

பிள்ளை மெழுகுதிரியை ஊதியபிறகு அழுத்தினால் புகைதான் மிஞ்சும், கன்னம் உப்பும்போதே விரல் தயாராக வேண்டும் என்பது அவருடைய தொழில் பாடம். நான் அவருக்கு முன்னால் கடலைப் பார்த்து நின்றேன். என் கம்பளித் தொப்பியைக் கழற்றி மடித்துத் தோளில் வைத்தார், அதன்மேல் லென்சைக் கிடத்தினார். அவருடைய மூச்சு என் காதில் பட்டது. மூச்சை நிப்பாட்டு என்றார். நிறுத்தினேன். முதுகு வளைந்தது. மெதுவாக, அவசரமே இல்லாமல், நீர் ஒழுக ஒழுக அந்தப் பெரிய வால் கடலுக்கு மேலே எழுந்து நின்றது. ஒருவரும் அதற்கு ‘இஞ்ச பாருங்கோ’ என்று சொல்லவில்லை. காதோரம் கமெரா படபடவென்று அடித்தது. வால் இறங்கியது, கடல் மூடிக்கொண்டது.

எனக்கு ஒன்று நிச்சயமாகத் தெரியும். நான் ஒரு நூல் அசையவில்லை. கல்லுப்போல நின்றேன், கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. சைலன்டில் போட்ட ஃபோன் மேசையில் அதிர்வதுபோல், லென்ஸ்தான் என் தோளில் விடாமல் அதிர்ந்துகொண்டிருந்தது.

அண்ணா கமெராவின் திரையைக் கைமறைவில் பார்த்தார். ஒன்று, அடுத்தது, அடுத்தது. நான் எட்டிப் பார்த்தேன். வால் இருந்தது, முழுசாக, நடு இடத்தில், சொட்டும் நீரோடு. ஓரமெல்லாம் கலங்கியிருந்தது. எல்லாப் படத்திலும் அப்படியே. அவர் திரும்பவும் முதலிலிருந்து பார்த்தார். சொன்னபடி கமெராவை விற்றுவிடுவார் என்று நினைத்தேன். அப்பாசியாவின் கவுண்டரும், அந்தப் பாஸ்போட் படம் வெட்டும் கத்தரியும் என் கண்ணுக்கு முன்னால் வந்தன.

பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“நீதான் ஆடினனீ” என்றார்.

வழக்கமான நானென்றால் அங்கேயே கப்பலைக் கவிழ்த்திருப்பேன். வாய்வரை வந்தது. அவருடைய முகத்தைப் பார்த்தேன். கோபமில்லை அதில். சின்னப் பிள்ளை கையை நீட்டிக்கொண்டு, தருவார்களா மாட்டார்களா என்று நிற்குமே, அப்படி நின்றார்.

“ஓம் அண்ணா” என்றேன். “குளிருக்குக் கொஞ்சம் ஆடிப்போட்டன்.”

அவர் தலையை ஆட்டினார். பிளாஸ்டிக் பையை எடுத்தார், கமெராவை உள்ளே வைத்தார், வாயைக் கட்டக் கை வரவில்லை. நான் கட்டிக் கொடுத்தேன்.

அந்தப் படம் இப்போது அவருடைய ஃபிளாட் சுவரில் பெரிதாகத் தொங்குகிறது. வருகிறவர்கள் ஏன் கலங்கியிருக்கிறது என்று கேட்டால், தங்கச்சியின் தோள் ஆடிவிட்டது என்பார். நான் அங்கே இருந்தால் தலையை ஆட்டுவேன். என் கணவருக்குக்கூட நான் உண்மையைச் சொன்னதில்லை. இத்தனை வருடத்தில் நான் ஒரு பிழையை ஒத்துக்கொண்டேன் என்று அந்த மனிதருக்கு இன்னும் ஆச்சரியம் தீரவில்லை.

போன கிழமை அண்ணாவிடமிருந்து ஃபோனில் குரல் செய்தி வந்தது. துபாய்க் கழிமுகத்துக்குப் பூநாரைகள் வந்துவிட்டனவா என்று கேட்டிருந்தார். லீவு எடுத்துக்கொண்டு வருகிறாராம், கமெராவோடு. கடைசியில் ஒரு செருமல், பிறகு, “இந்த முறை ஆடாமல் நில், என்ன?”

சரி என்று பதில் போட்டேன்.